தேறிட்டார் என்று தெருவே சொன்னது, கால் மட்டும் எழவில்லை: தாராவியிலிருந்து ஒரு மூளைக் கட்டி நிகழ்வு ஆய்வு

எங்களிடம் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, நோயாளி எப்படி இருக்கிறார் என்று அவரிடமே கேட்கும் தாள். மற்றது, போன ஒரு மாதத்தில் எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போனார், எந்த மருந்தை எங்கே எத்தனை அட்டை வாங்கினார், கூட யார் போனார்கள், அவர்களுக்கு எத்தனை நாள் கூலி போச்சு என்று கேட்கும் தாள். முதல் தாள் ஒரு கோப்புக்குப் போனது, இரண்டாவது இன்னொரு கோப்புக்குப் போனது, இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் 51 வயது மனிதர் ஒருவர், குத்தவைத்து உட்கார்ந்தால் தானாக எழுந்திருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார். இத்தனைக்கும் அவருடைய மூளைக் கட்டி அந்தச் சமயத்தில் கொஞ்சமும் வளரவில்லை.

நான் மும்பையில் பிறந்து வளர்ந்தவள், சமூகப்பணி படித்தவள். நகரத்தின் ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்த ஆய்வுத் திட்டத்துக்குக் களப்பணியாளராக இருந்தேன், தமிழ் பேசும் நோயாளிகள் என் பொறுப்பு. குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவமனையின் பெயரைச் சொல்லவில்லை. அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் மனைவியை அக்கா என்பேன்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரிப் பக்கம். தாராவிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு அக்கா மாவு கலக்கி அடுப்பு பற்றவைப்பார், ஆறு மணிக்கு அண்ணாச்சி சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு மாஹிம் பக்கம் கிளம்பிவிடுவார். 2023 ஜனவரிக் கடைசியில் இடது கை பிடி நழுவ ஆரம்பித்தது, சட்னி வாளி இரண்டு முறை கீழே விழுந்தது. ஒரு வாரம் கழித்து மாஹிமிலேயே ரோட்டோரத்தில் ஃபிட்ஸ் வந்து விழுந்துவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் வலது முன்மூளையில் கட்டி. பிப்ரவரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். திசுப் பரிசோதனையில் கிளியோபிளாஸ்டோமா என்று வந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் தரவரிசையில் 4-ஆம் தரம், மூளைக்குள்ளேயே தோன்றும் புற்றுநோய்களில் மிகவும் கடுமையானது.

இதற்கான வழக்கமான சிகிச்சை 2005-இல் வெளிவந்த ஐரோப்பிய, கனடிய ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. ஆறு வாரத்தில் 30 தவணையாக 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, கூடவே தினமும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரை. அப்புறம் நான்கு வார இடைவெளி விட்டு, 28 நாளுக்கு ஒரு முறை ஐந்து நாள் வீதம் ஆறு சுற்று அதே மாத்திரை, அளவைக் கூட்டி. அந்த ஆய்வில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் நடுவாழ்நாள், அதாவது பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம், 12.1 மாதம், மாத்திரையும் சேர்ந்தபோது 14.6 மாதம். இரண்டரை மாத வித்தியாசம். இந்த நோயில் அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மொத்தமே ஒரு வருஷம் சொச்சம் என்னும்போது, அந்த மாதங்கள் எப்படிப் போகின்றன என்பதை அளக்காமல் விட்டால் பாதிக் கதையைத்தான் சொல்கிறோம். எங்கள் திட்டமே அதற்காகத்தான் இருந்தது.

முதல் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இ.ஓ.ஆர்.டி.சி. என்ற ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1993-இல் வெளியிட்ட 30 கேள்விகள் கொண்ட படிவம் அது, சி30 என்போம். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது, தமிழிலும் உண்டு. மூளைக் கட்டிக்காரர்களுக்கு அதோடு இன்னும் 20 கேள்விகளைச் சேர்ப்பார்கள், அது பி.என்.20. தலைவலி, ஃபிட்ஸ், பார்வை, வார்த்தை கிடைக்காமல் தடுமாறுவது, பகல் தூக்கம், சிறுநீரை அடக்க முடியாமை, நாளை என்ன ஆகுமோ என்ற நினைப்பு எல்லாம் இதில் வரும். ஏறக்குறைய எல்லாமே போன ஒரு வாரத்தைப் பற்றிய கேள்விகள். பதில் நான்கு படி: இல்லவே இல்லை, கொஞ்சம், நிறைய, ரொம்ப அதிகம். ஒற்றைக் கேள்வியாக இருந்தால் இவை 0, 33, 67, 100 என்று மாறும், தொந்தரவுகளில் எண் கூடினால் மோசம். மொத்த வாழ்க்கை எப்படி இருக்கிறது என்ற கடைசிக் கேள்விகளுக்கு மட்டும் 1 முதல் 7 வரை பதில், அங்கே எண் கூடினால் நல்லது. இந்தத் தலைகீழ் முறையில் புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே ஒரு முறையாவது தடுக்கி விழுவார்கள்.

பி.என்.20-இல் இரண்டு கேள்விகள் இந்த நிகழ்வுக்கு உயிர்நாடி. ஒன்று, உடம்பின் ஒரு பக்கம் பலவீனமாக இருந்ததா. இன்னொன்று, இரண்டு கால்களும் பலவீனமாக இருந்தனவா. ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்கிறார்களே என்று நோயாளிகள் அலுத்துக்கொள்வார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அப்படி இல்லை. வலது மூளையில் கட்டி இருந்தால் இடது பக்கம்தான் தளரும். இரண்டு காலும் ஒன்றாகத் தளர்ந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

முதல் பேட்டி மார்ச் தொடக்கத்தில், கதிர்வீச்சுக்கு முன்னால். மொத்த வாழ்க்கைக்கு 3, 3 என்று சொன்னார், அது நூற்றுக்கு 33. தலைவலி 67, இடது பக்கப் பலவீனம் 67, இரு கால் பலவீனம் 0. இரண்டாவது, ஏப்ரல் நடுவில், 30 தவணையும் முடிந்த அன்று. மொத்தம் 50-க்கு ஏறியது, தலைவலி 33-க்கு இறங்கியது, இரு கால் 33. மூன்றாவது, மே நடுவில், வெளிநோயாளிப் பிரிவின் நடையில் இருபது நிமிஷத்தில் எடுத்தது. மொத்தம் 58, தலைவலி 0, இடது பக்கம் 33, பசியின்மை 0. ஆனால் இரு கால் 67. தூக்கமின்மை 67, மலச்சிக்கல் 67.

மொத்த எண்ணைப் பாருங்கள்: 33, 50, 58. இந்தப் படிவத்தில் 10 புள்ளி மாறினாலே நோயாளி அந்த வித்தியாசத்தை உணர்வார் என்பது 1998 முதல் பலரும் பின்பற்றும் கணக்கு. இங்கே 25 புள்ளி ஏறியிருக்கிறது. எந்த வரைபடத்தில் போட்டாலும் அழகாக மேலே போகும் கோடு. நோயாளியால் அன்றாட வேலைகளை எவ்வளவு செய்ய முடிகிறது என்று 0 முதல் 100 வரை போடும் கார்னோஃப்ஸ்கி மதிப்பில் அன்றைக்கு டாக்டர் எழுதியது 80, அதாவது சிரமப்பட்டாலும் வழக்கமான வேலைகளைச் செய்கிறார் என்று அர்த்தம். நானும் 67 என்று எழுதிய அதே கையோடு படிவத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன். திட்டத்தின் விதிப்படி படிவங்கள் கணினியில் ஏறும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்குப் போடுவார்கள். அதே வாரத்தில் ஒரு டாக்டர் அதைப் படிப்பார் என்று யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது. ஒரு மனிதரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஐம்பது கேள்வி கேட்கிறோம், அவர் களைப்போடு யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறார், தன் டாக்டருக்கே சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்.

சரி, அந்தப் பதில்களின் மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அளவீட்டில் பாதிப் பிழை அங்கேதான் நுழைகிறது. நம் ஆட்களிடம் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "பரவாயில்லை". அந்த நான்கு படியில் பரவாயில்லைக்கு இடம் கிடையாது. வலி இல்லை என்பதற்கும் பரவாயில்லை, வலிக்கிறது ஆனால் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதற்கும் அதே பரவாயில்லை. கேள்வியை மாற்றிக் கேட்கக்கூடாது என்பது விதி, அது நியாயமான விதி, இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் வேறு கேள்வி ஆகிவிடும். அதனால் நான்கு பதிலையும் மறுபடி ஒரு முறை மெதுவாக வாசித்து, இதில் எது என்று கேட்டுக் காத்திருப்பேன்.

வலிப்பு விஷயம் இன்னும் சிக்கல். அண்ணாச்சியிடம் வலிப்பு வந்ததா என்று கேட்டால் இல்லவே இல்லை என்பார். அவருக்கு வலிப்பு என்றால் மாஹிம் ரோட்டில் விழுந்து நுரை தள்ளியதுதான். மூன்றாவது பேட்டியில் பேச்சோடு பேச்சாக, "நேத்து ராத்திரி இந்தக் கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்துச்சு, ஒரு நிமிஷம், அப்புறம் நின்னு போச்சு" என்றார். அதுவும் வலிப்புதான், மூளையின் ஒரு பகுதியில் மட்டும் எழுவது. படிவத்தில் 0 என்று விழுந்திருக்கிறது, ஓரத்தில் நான் அவர் வார்த்தையை அப்படியே எழுதி வைத்தேன். தலைவலியும் அப்படித்தான், வலி இல்லை, "தலை பாரமா இருக்கு" என்பார்கள். படிவத்தை எவ்வளவு நன்றாக மொழிபெயர்த்தாலும், நோயாளியின் சொந்தச் சொல்லைக் குறிக்க ஓரத்தில் இடம் விட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று, வலது முன்மூளையில் கட்டி உள்ளவர்களுக்குத் தன் நிலை தனக்கே முழுசாகத் தெரியாமல் போகலாம், எதிலும் பிடிப்பில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பதும் உண்டு. அதனால் அக்காவிடமும் தனியாகக் கேட்டோம். நடை, குளியல் மாதிரிக் கண்ணுக்குத் தெரியும் விஷயங்களில் இருவர் பதிலும் ஓரளவு ஒத்துப்போகும், மனசு சம்பந்தப்பட்டதில் விலகும், பொதுவாகவே பார்த்துக்கொள்கிறவர்கள் நோயாளியை விடக் குறைவான மதிப்பெண்தான் போடுவார்கள். இது பல நாடுகளில் பார்த்த விஷயம். அக்காவிடம் இது வேறு மாதிரி வந்தது. கதிர்வீச்சு முடிந்தபின் அவர் சந்தோஷமாக இருந்தார். "நல்லா சாப்பிடுதாவ தங்கச்சி, முகம் பாரு, சதை போட்டிருக்கு. தெருவுல எல்லாரும் அண்ணாச்சி தேறிட்டாருன்னு சொல்லுதாவ."

ஜூன் முதல் வாரத்தில்தான் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது பேட்டியில் இரண்டாவது தாளை நிரப்ப முடியவில்லை, மருந்துப் பையும் சீட்டுகளும் வீட்டில் இருந்தன, அதனால் போனேன். மழை இன்னும் இறங்கவில்லை, சந்துக்குள் புழுக்கம். 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. கீழே ஒரு ரூம், அதில் அடுப்பும் கிரைண்டரும் இட்லிக் கொப்பரையும். மேலே ஒரு மாலா, அதாவது பரண் மாதிரி மாடி, ஏறுவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி. குடும்பமே படுப்பது மேலேதான். அண்ணாச்சி கீழே, கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் பாயில் படுத்திருந்தார். ஏணியில் ஏற முடியாமல் மூன்று வாரம் ஆகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தயங்கினார். அப்புறம் சொன்னார். சந்து முனையில் பொதுக் கழிப்பறை, எல்லாம் குத்தவைத்து உட்காரும் வகை. அண்ணாச்சி உட்கார்ந்துவிடுவார், எழ முடியாது. மகன் வெளியே நின்று, கூப்பிட்டதும் உள்ளே போய்த் தூக்கிவிடுவான். வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். கல்லூரிக்குப் போகிற பையனைத் தினமும் அப்படி நிற்க வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார், ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தார், இரண்டு நாளுக்கு ஒரு முறை போனால் போதும் என்று பழக்கப் பார்த்தார். மூன்றாவது பேட்டியில் நான் குறித்துக்கொண்டு வந்த மலச்சிக்கல் 67-க்கு அர்த்தம் இதுதான்.

அன்றைக்குக் கால் கேள்வியை மறுபடி கேட்டேன். "ரொம்ப அதிகம்" என்றார், 100. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள் அண்ணாச்சி என்றேன். முன்னால் குனிந்தார், தொடை நடுங்கியது, ஒரு அங்குலம் எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது முறை முயற்சி செய்யவில்லை. ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது.

அப்புறம் மருந்துப் பையைக் கொட்டினோம். இரண்டாவது தாளில் மருந்துக்கு ஒரு பகுதி உண்டு: பெயர், அளவு, எங்கே வாங்கியது, எத்தனை அட்டை, என்ன விலை. அக்கா இட்லிக் கணக்கு நோட்டின் முன்பக்கம் கடன் பாக்கியையும், பின்பக்கம் மருந்துச் செலவையும் எழுதி வைத்திருந்தார், தேதி போட்டு. இவ்வளவு நேர்த்தியான கணக்கை நான் எந்த மருத்துவமனைக் கோப்பிலும் பார்த்ததில்லை. ஃபிட்ஸ் மாத்திரை, வயிற்றுக்கு ஒன்று, அப்புறம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 4 மி.கி. ஏப்ரல் நடுவிலிருந்து அன்றுவரை பத்து அட்டை. அட்டைக்குப் பத்து மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஏழு வாரத்துக்குச் சரியாக 98 மாத்திரை.

மருத்துவமனைக் கோப்பிலோ, கதிர்வீச்சு முடிந்ததும் டெக்ஸாவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியாகிவிட்டது என்று இருந்தது. நிறுத்தச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்திருந்தார்கள், ஆங்கிலத்தில், அம்புக்குறி போட்டு, மூன்று வரியில். அது கோப்புக்குள் பத்திரமாக இருந்தது. மெடிக்கலுக்குக் கொண்டுபோனது அதற்கு முந்தைய சீட்டு, பழகிய சீட்டு, கசங்கிக் கிழிந்து ஒட்டுப் போட்டது. கடைப் பையன் பார்த்ததும் எடுத்துக் கொடுத்துவிடுவான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அலட்சியமாகவும் இல்லை. புதுச் சீட்டை ஒருவர் தமிழில் வாசித்துக் காட்டியிருந்தால் போதும்.

டெக்ஸாமெத்தசோன் மூளைக் கட்டியைச் சுற்றி வரும் நீர்வீக்கத்தைக் குறைக்கும், அந்த வேலையில் அதற்கு நிகரில்லை. தலைவலி இறங்கியதும் இடது கை கொஞ்சம் தேறியதும் அதனால்தான். ஆனால் வாரக்கணக்கில் போனால் தசைப் புரதத்தைக் கரைக்கும், அதிலும் இடுப்பு, தொடைத் தசைகளைத்தான் முதலில் பிடிக்கும். வலி இருக்காது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தளரும். சமதரையில் நடப்பார்கள், தரையிலிருந்து எழுவதும் படி ஏறுவதும்தான் முடியாது. ஆஸ்பத்திரி நடையில் நடந்து வந்த அண்ணாச்சியை டாக்டர் 80 என்று மதிப்பிட்டதன் காரணம் இதுதான், அந்த நடையில் ஏணியும் கிடையாது, குத்தவைக்கும் கக்கூஸும் கிடையாது. ராத்திரி போடும் மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும். பசியைக் கிளப்பும், முகத்தை உப்ப வைக்கும், மனசுக்கு ஒரு பொய்யான தெம்பைக் கொடுக்கும், சர்க்கரையை ஏற்றும். 33, 50, 58 என்று ஏறிய அந்த மொத்த எண்ணில் எவ்வளவு அவருடைய குணம், எவ்வளவு மாத்திரையின் குணம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. தெரு முழுக்கத் தேறிட்டார் என்று சொன்ன அந்த முகமும் மாத்திரை கொடுத்ததுதான்.

சந்துக்கு வெளியே வந்து, டாக்டருக்குப் போன் செய்தேன், கால் 100, டெக்ஸா பத்து அட்டை, இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் ஒரு நொடி பேசவில்லை, அப்புறம் நாளைக் காலை கூட்டி வாருங்கள் என்றார், இன்றைக்கே நிறுத்திவிட வேண்டாம் என்பதை இரண்டு முறை சொன்னார். நான்கு மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மறுநாள் சர்க்கரை எடுத்துப் பார்த்தால் 290. அதற்குத் தனியாக மாத்திரை. டெக்ஸாவை நான்கு வாரத்தில் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை இந்த முறை தமிழில், தேதி போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை மாத்திரை என்று படம் வரைந்து நானே எழுதிக் கொடுத்தேன், டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். பழைய சீட்டை அக்கா கையாலேயே கிழிக்கச் சொன்னோம்.

இயன்முறை சிகிச்சையாளர் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பயிற்சிதான்: நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது, காலையில் பத்து, மாலையில் பத்து. முதலில் நாற்காலி மேல் இரண்டு தலையணை, வாரம் போகப் போக ஒன்று, அப்புறம் வெறும் நாற்காலி. கக்கூஸில் வைக்க நடுவில் ஓட்டை போட்ட ஒரு ஸ்டூல் வாங்கினார்கள், மகன் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவான், பின்னால் அண்ணாச்சி. ஆகஸ்டில் இரு கால் 67, அக்டோபரில் 33. செப்டம்பரில் ஒரு நாள் ஏணியில் ஏறி மாலாவுக்குப் போய்விட்டார் என்று அக்கா எனக்குப் போன் போட்டார்.

அதே ஆகஸ்டில் மொத்த எண் 58-லிருந்து 50-க்கு இறங்கியது. பசியின்மை 67. ஸ்டீராய்டு போனதும் அந்தத் தெம்பு போனது, சோர்வு வந்தது, நடுவில் டெமோசோலமைடு சுற்றுகள் வேறு. வெறும் மொத்த எண்ணை மட்டும் வைத்துப் பார்க்கிறவருக்கு, நாங்கள் செய்த திருத்தம் அவரைக் கெடுத்துவிட்டதாகத்தான் தோன்றும். யாருடைய கையையும் பிடிக்காமல் கழிப்பறைக்குப் போய் வந்தது அந்த 50-க்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. மூளைக் கட்டியில் மொத்த எண்ணை மட்டும் வெளியிடும் ஆய்வுகளை நான் நம்புவதில்லை, தனித்தனிக் கேள்விகளின் விடையையும் காட்ட வேண்டும்.

இனி, பயன்பாட்டுக் கணக்கு, அதாவது எந்த மருத்துவ சேவையை எவ்வளவு பயன்படுத்தினார் என்பது. மருத்துவமனைப் பதிவேட்டின்படி அண்ணாச்சி பிப்ரவரி முதல் ஜூன் வரை பெற்றது: ஒரு அறுவை சிகிச்சை, 30 கதிர்வீச்சு, மூன்று எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனைகள், வெளிநோயாளி வருகை சில. ஆரஞ்சு ரேஷன் கார்டு இருந்ததால் அறுவையும் கதிர்வீச்சும் மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் போய்விட்டன, அதற்காகக் கைக்காசு போகவில்லை. இந்தத் திட்டம் இல்லையென்றால் அந்தக் குடும்பம் முதல் மாதத்திலேயே படுத்திருக்கும், இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அக்காவின் நோட்டு வேறொரு கணக்கைச் சொன்னது. தாராவிக்குள்ளேயே இருக்கும் டாக்டரிடம் ஏழு முறை, தூக்கம் வரவில்லை, வயிறு போகவில்லை என்று. அவர் தூக்க மாத்திரையும் பேதி மாத்திரையும் கொடுத்திருக்கிறார், இரண்டுமே டெக்ஸா செய்த வேலைக்கு. மெடிக்கலுக்கு 19 முறை. கதிர்வீச்சுக்கு 30 நாளும் போக வர, காத்திருக்க, ஒரு நாளைக்குச் சராசரி ஐந்து மணி நேரம், மிஷினில் படுத்திருப்பது கால் மணி நேரம்கூட இல்லை. லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் ஒதுக்கிய பெட்டி உண்டு, ஆனால் பிளாட்பாரத்தில் ஃபிட்ஸ் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் டாக்ஸியில்தான் போனார்கள். கூட வந்த மச்சானுக்குத் தோல் பட்டறையில் தினக்கூலி, 30 நாள் கூலி போச்சு. இட்லி வியாபாரம் பாதியாகச் சுருங்கியது, சைக்கிள் ஓட்ட ஆள் இல்லை.

பார்த்துக்கொள்ளும் நேரத்தை அளக்க நாங்கள் ஒரு எளிய வழியை வைத்திருந்தோம். நேற்று ஒரு சாதாரண நாளா என்று கேட்போம், ஆமாம் என்றால் நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை மணிக்கு மணி சொல்லச் சொல்வோம். எவ்வளவு நேரம் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நேராகக் கேட்டால் "என்ன பெருசா, வீட்டு வேலையோட வேலையா பாத்துக்கிடுதேன்" என்று முடித்துவிடுவார்கள். மணிக்கு மணி கேட்டபோது அக்காவுக்கு ஜூனில் ஒரு நாளைக்கு எட்டரை மணி நேரம் வந்தது, இட்லி வேலை தனி. அந்த நேரத்துக்கு எப்படி விலை போடுவது என்பதில் இரண்டு முறை உண்டு, அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலி என்பது ஒன்று, அந்த நேரத்தில் அவர் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்பது மற்றொன்று. எதைப் போட்டாலும் பரவாயில்லை, காலியாக மட்டும் விடக்கூடாது. பல ஆய்வுகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் பயன்பாட்டைக் கேட்கிறார்கள், நினைவாற்றலே பாதிக்கப்பட்ட நோயாளியிடம் அது செல்லாது என்பது என் அனுபவம். மாதம் ஒரு முறை, அதுவும் நோட்டைப் பார்த்துக் கேட்டால்தான் உண்டு.

இந்த எண்கள் எல்லாம் எங்கே போகும் என்று கேட்கலாம். இ.கியூ.-5டி என்று இன்னொரு சின்னப் படிவம் உண்டு, நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்வது, அன்றாட வேலை, வலி, மனக்கலக்கம் என்று ஐந்தே கேள்வி, கூடவே 0 முதல் 100 வரை ஒரு அளவுகோல். அந்த ஐந்து பதிலையும் ஒரே எண்ணாக மாற்றுவதற்கு இந்திய மக்களிடமே கேட்டுத் தயாரித்த மதிப்புப் பட்டியல் 2022-இல் வெளிவந்தது, சண்டிகரில் உள்ள பி.ஜி.ஐ. என்ற மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முன்னின்று செய்தது. முழு ஆரோக்கியம் 1, இறப்பு 0, சில நிலைகள் 0-க்கும் கீழே போகும். அந்த எண்ணை வாழ்ந்த காலத்தோடு பெருக்கினால், 0.6 நிலையில் ஒரு வருஷம் என்பது 0.6 வருஷம். எந்த சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கலாம் என்று பார்க்கும் வேலைக்கு 2017 முதல் இந்தியாவில் ஒரு தனி அமைப்பே இருக்கிறது, இந்த மாதிரிக் கணக்குகள் அங்கே போகின்றன. அதனால்தான் தாராவிச் சந்துக்குள் ஒரு பரவாயில்லையை எந்தப் படியில் போடுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

டிசம்பரில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. டாக்டர் இரண்டாவது அறுவையால் பெரிய பலன் இருக்காது என்று உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஊருக்குப் போய்விடலாம் என்று அண்ணாச்சிதான் முடிவெடுத்தார். 2024 ஜனவரியில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினார்கள், நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மகன் அந்த ஸ்டூலையும் எடுத்து வந்திருந்தான்.

ஆய்வின் கணக்கில் அன்றோடு அவர் தொடர்பு விட்டுப்போனவர். இது அவர் ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. நோய் முற்றியவர்கள்தான் பேட்டிக்கு வர முடியாமல் நின்றுபோகிறார்கள், மிச்சம் இருப்பவர்களின் சராசரி எப்போதும் கொஞ்சம் நன்றாகவே தெரியும். ஒன்பதாவது மாதத்தில் நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்று எங்காவது வரைபடம் பார்த்தால், முதலில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்ற வரியைத்தான் நான் தேடுவேன். எங்கள் திட்டத்தில் போனில் கேட்க அனுமதி வாங்கினோம், இ.கியூ.-5டியை அக்காவிடம் கேட்டு எழுதுவது என்று.

பிப்ரவரிக் கடைசியில் அக்காவுக்குப் போன் செய்தேன். ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னார், குரல் தெளிவாக இருந்தது. அப்புறம் இரண்டாவது தாள். ஆஸ்பத்திரிக்குப் போனது? இல்லை. எமர்ஜென்சி? இல்லை. ஸ்கேன்? இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தாராம், இரண்டு முறை, படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாராம். மருந்து? ஃபிட்ஸ் மாத்திரை மட்டும், இப்போது பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறார். பணம்? பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். ஒரு வருஷத்தில் அந்தத் தாளில் இவ்வளவு குறைவான செலவு வந்த மாதம் அதுதான்.

நேற்று ஒரு சாதாரண நாளா அக்கா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எழுந்ததிலிருந்து சொல்லச் சொன்னேன். "எங்க தங்கச்சி படுத்தேன், எந்திரிக்கதுக்கு" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள், அக்காவும் நாத்தனாரும் மாறி மாறி, மகன் ராத்திரிப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறான். அந்தக் கட்டத்தில் 24 என்று எழுதினேன்.